நிலத்தடி நீர் வரைபடம்: நிறம் பூசும்போது நேரும் பிழைகள்

நகரத்தை ஒட்டிய ஊர்களில் ஒரே கிணற்று நீர்தான் வயலுக்கும் பாய்கிறது, வீட்டுக் குடத்திலும் நிறைகிறது. அதனால் நீரின் தரத்துக்கும் ஒரே வரைபடம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்: பச்சை என்றால் நல்ல நீர், சிவப்பு என்றால் கெட்ட நீர். இந்த வேலையில் இதைவிட ஆபத்தான தவறு கிடையாது.

நைட்ரேட்டைப் பாருங்கள். கழிவுநீரும் உரமும் கசியும் புறநகர்களில் அது எளிதில் ஏறிவிடும். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது, மாற்று நீர் இல்லாத இடத்திலும் தளர்வு கிடையாது. பயிருக்கு அதே நைட்ரேட் தழைச்சத்து. அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தாலோ, கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். மறுபுறம், சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீர் குடிக்கத் தேறினாலும், களிமண் நிலத்தை இறுக்கித் தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். ஆகவே குடிநீருக்கு நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமிகள்; பாசனத்துக்கு மின்கடத்துத்திறன் (நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டுவது), சோடியம் விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியம்), எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) என்று தனித்தனி வரைபடங்கள் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தரக் குறியீட்டு எண்ணாக்கினால், வரம்பு மீறிய ஃபுளோரைடு மற்ற நல்ல அளவுகளின் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். எண் அழகாக இருக்கும், பல்லில் கறை படியும்.

அடுத்தது, கிணறுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம். வரைபட மென்பொருள் கேள்வி கேட்காமல் அதை நிறத்தால் நிரப்பிவிடும். ஆனால் கோவை, திருப்பூர் போன்ற பாறை நிலத்தில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுவதால், ஒரே தோட்டத்துத் திறந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும்கூட வேறு வேறு நீர் தரலாம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது பிழை. சாயக்கழிவால் பாழான நொய்யல் கரையில் மாசு ஆற்றின் போக்கைத் தழுவியே பரவியது. அங்கே கிணற்றைச் சுற்றி வட்டம் போட்டால் உண்மை தெரியாது. ஆற்றுக்குக் குறுக்காக, கரையிலிருந்து விலகிச் செல்லும் வரிசையில் மாதிரி எடுக்க வேண்டும். சென்னைக்கு வடக்கே, மிகையாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த மீஞ்சூர் பகுதியிலோ, நல்ல நீரும் உவர்நீரும் சந்திக்கும் எல்லையில்தான் கிணறுகளை நெருக்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். குழாயைத் திறந்தவுடன் வருவது குழாய்க்குள் தேங்கிய நீர். சிறிது நேரம் ஓடவிட்டு, மின்கடத்துத்திறனின் அளவு நிலைபெற்ற பிறகே பிடிக்க வேண்டும். கார அமிலத் தன்மையை (pH) அங்கேயே அளந்துவிடுங்கள், ஆய்வகத்துக்குப் போவதற்குள் அது மாறிவிடும். கிருமிச் சோதனைக்கு நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் தேவை, அதைப் பனிக்கட்டியில் வைத்து விரைவாகக் கொண்டு சேர்க்க வேண்டும். ஆய்வறிக்கை வந்ததும் நேர், எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மறுபடி சோதிக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

மே மாத மாதிரியையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரி மாதிரியையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது. மழை சில உப்புகளைக் குறைக்கும், மேல்மண்ணில் கிடந்த நைட்ரேட்டைச் சில இடங்களில் கீழே இறக்கியும் விடும்.

வரைபடத்தை வெளியிடும்போது மாதிரி எடுத்த ஒவ்வொரு கிணற்றையும் புள்ளியாகக் காட்டி, ஆழத்தையும் மாதத்தையும் குறியுங்கள். கிணறே இல்லாத பகுதியை நிறம் பூசாமல் வெறுமையாக விடுங்கள்.