கதலிக்கு விடை பழமா, வாழைப்பழமா? ஒப்புமை வினா செய்யும் முறை

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் என் பெறாமகளோடு போன கிழமை ஒரு வினாவுக்காக அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். முதல் சோடிக்குள் இருக்கும் அதே உறவு இரண்டாவது சோடியிலும் வரும்படி கோட்டை நிரப்பச் சொல்லும் ஒப்புமை வினா அது:

கறுத்தக்கொழும்பான் : மாம்பழம் :: கதலி : ____
(பழம், வாழைப்பழம், வாழைத்தோட்டம், இனிப்பு)

அவள் 'பழம்' என்று போட்டிருந்தாள்.

"கதலி பழம்தானே சின்னம்மா, பிறகு ஏன் பிழை?"

நியாயமான கேள்வி. பொருளையும் அதன் வகையையும் வைத்துக் கேட்கும் வினாக்களில் முக்கால்வாசிப் பேர் சறுக்கும் இடமும் இதுதான். அரச வேலைக்கான நுண்ணறிவு வினாத்தாளுக்குத் தயாராகும் பெரியவர்களும் இதில்தான் புள்ளியை விடுகிறார்கள்.

படி 1: விடைகளைக் கையால் மறையுங்கள். முதல் சோடியை மட்டும் பார்த்து ஒரு வசனம் சொல்லுங்கள். "கறுத்தக்கொழும்பான் என்பது மாம்பழத்தில் ஒரு இனம்."

படி 2: அதே வசனத்தில் அடுத்த சொல்லைப் போடுங்கள். "கதலி என்பது ____ இல் ஒரு இனம்." இப்போது கையை எடுத்தால் வாழைப்பழம் தானாகவே கண்ணில் படும்.

படி 3: ஏணிப்படியை எண்ணுங்கள். கறுத்தக்கொழும்பான், அதற்கு மேலே மாம்பழம், அதற்கும் மேலே பழம், பிறகு உணவு. வினாவில் ஒரு படிதான் ஏறியிருக்கிறார்கள். நாமும் ஒரு படியோடு நிற்க வேண்டும். 'பழம்' என்பது உண்மைதான், ஆனால் அது இரண்டாவது படி. வினாவே 'கறுத்தக்கொழும்பான் : பழம்' என்று இருந்திருந்தால் அவள் போட்ட விடை சரி. உண்மையான விடைக்கும் பொருத்தமான விடைக்கும் உள்ள இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 'பறவை : கொக்கு :: பாம்பு : ____' என்று கேட்டு, ஊர்வன, புடையன், புற்று, விஷம் என்று தந்தால் பிள்ளைகள் பாய்ந்து 'ஊர்வன' போடுவார்கள். முதல் சோடி வகையில் தொடங்கிப் பொருளுக்கு இறங்குகிறது. ஆகவே விடை, பாம்பில் ஒரு இனமான புடையன்.

படி 5: அது வகைதானா என்று ஒருமுறை சந்தேகப்படுங்கள். 'கடகம் : பனையோலை' என்ற சோடியில் "கடகம் என்பது ஒரு பனையோலை" என்று சொல்லிப் பாருங்கள், காதே ஒத்துக்கொள்ளாது. பனையோலையால் கடகம் இழைக்கிறோம். இது பொருளும் மூலப்பொருளும். இதற்குச் சோடி 'கயிறு : தும்பு'.

இன்னொரு சிக்கல், வீட்டு வகையும் பாட வகையும் ஒன்றல்ல. "மீன் வாங்கப் போறன்" என்று சந்தைக்குப் போய் நண்டும் கணவாயும் வாங்கி வருகிறோம். ஆனால் தாளில் நண்டு மீன் இல்லை, திமிங்கிலமும் மீன் இல்லை. 'சூடை : மீன் :: திமிங்கிலம் : ____' என்று வந்தால் முலையூட்டி என்றே எழுத வேண்டும். நம்முடைய பனையை எடுங்கள்: நமக்கு அது மரம், தொல்காப்பியத்தின் கணக்கில் உள்ளே வயிரம் (கெட்டியான நடுத்தண்டு) இல்லாததால் புல்! பரீட்சையில் அந்த வம்புக்குப் போகாமல் பாடப்புத்தகத்தின் வகையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு வினாக்களை நீங்களே செய்து பாருங்கள்.

ஊர்வன : உடும்பு :: ஈரூடகவாழி : ____
(முதலை, தவளை, ஆமை, குளம்)

நாதஸ்வரம் : துளைக்கருவி :: தவில் : ____
(இசைக்கருவி, தோற்கருவி, கோயில், கச்சேரி)

முதலாவதற்குத் தவளை. நீரிலும் நிலத்திலும் திரிவதால் முதலையும் ஆமையும் ஆளை ஏமாற்றும், ஆனால் இரண்டும் ஊர்வன. இரண்டாவதற்குத் தோற்கருவி. 'இசைக்கருவி' போட்டவர்கள் கதலிக்கு ஒருக்கால் திரும்பிப் போய் வாருங்கள்.