லேத் இல்லாமல் தஞ்சாவூர் ராஜகோபால பீரங்கி: 1:25 மாடல் செய்முறை

பீரங்கி மாடல் செய்யப் போகிறேன் என்றாலே "லேத் இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வார்ப்பில் செய்த பீரங்கிகளுக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பீரங்கிமேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கி வார்த்தது அல்ல, கொல்லர்கள் காய்ச்சி அடித்துச் சேர்த்தது. இதை லேத்தில் வழவழவென்று கடைந்து எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேறு ஏதோ பீரங்கியாகிவிடும். அசலை எந்த வரிசையில் செய்தார்களோ, அதே வரிசையில் பைப்பையும் காகிதத்தையும் வைத்து நாமும் செய்யலாம். முதல் மாடலுக்கு இதைவிடத் தோதான பீரங்கி எனக்குத் தெரிந்து இல்லை.

அசல் எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை புரிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, ரகுநாத நாயக்கர் காலம். 1620இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த அதே ரகுநாதர்தான். அன்றைய உலைகளில் தேனிரும்பை (கொல்லர்கள் அடித்து வளைக்கும் இரும்பு) உருக்கி ஊற்றும் அளவுக்குச் சூடு ஏறாது. அதனால் 43 நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாய் வடிவில் சேர்த்து, அதன்மேல் 94 இரும்பு வளையங்களை ஒன்றை ஒட்டி ஒன்றாக ஏற்றினார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் விரிந்த வளையம் ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீளம் சுமார் ஏழரை மீட்டர், வெளி விட்டம் சுமார் 94 செ.மீ., உள் விட்டம் சுமார் 63 செ.மீ., எடை சுமார் 22 டன்.

இனி கணக்கு. 25ஆல் வகுத்தால் நீளம் 300 மி.மீ., வெளி விட்டம் 37.6 மி.மீ., உள் விட்டம் 25 மி.மீ. வருகிறது. 300ஐ 94 வளையங்களுக்குப் பங்கிட்டால் ஒரு வளையத்துக்கு 3.2 மி.மீ. அகலம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் குவில்லிங் பேப்பரின் (சுருட்டி அலங்காரம் செய்யும் காகிதப் பட்டை) அகலம் 3 மி.மீ. மீதி 0.2 மி.மீ. இடைவெளியை வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் தெரியும் இணைப்புக் கோடாக விட்டுவிடலாம். 1:25 என்ற அளவை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான்.

வாங்க வேண்டியவை: ஒரு இன்ச் பி.வி.சி. தண்ணீர் பைப் ஒன்றரை அடி (வெளி விட்டம் 32 மி.மீ. வருகிறதா என்று கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்), 3 மி.மீ. குவில்லிங் பேப்பர் 100 பட்டை கொண்ட பாக்கெட் இரண்டு, சார்ட் பேப்பர் இரண்டு, ஃபெவிகால், உப்புத்தாள் 220 மற்றும் 320, பிரெஞ்ச் பாலிஷ் சிறிய பாட்டில், கொஞ்சம் கட்டுக்கம்பி, கொஞ்சம் சிமென்ட்டும் சலித்த மணலும். பெயின்ட் பற்றி அப்புறம் பார்ப்போம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.வி.சி.க்குப் பதிலாக இரும்புப் பைப் போட்டால் கனமாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். வெடிமருந்துக்குத் தீ வைக்கும் துளை போட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். உரிமம் இல்லாமல் ஆயுதம் தயாரிப்பது 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், வீட்டில் செய்த குழாய் வெடித்தால் முதலில் போவது செய்தவரின் கைதான். நம்முடையது அலமாரியில் வைக்கும் மாடல்.

1. பைப்பைத் தயார் செய்தல்

பைப்பை 300 மி.மீ. நீளத்துக்கு அறுங்கள். வெட்டு கோணலாகப் போகாமல் இருக்க, நேர் விளிம்புள்ள ஒரு காகிதத்தைப் பைப்பில் சுற்றி, அந்த விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டு அறுக்க வேண்டும். பின்பக்கத்தை அட்டை வட்டம் வைத்து அடைத்துவிட்டு, சிமென்ட்டும் மணலும் கெட்டியாகக் குழைத்து, வாய்ப்பக்கம் 5 செ.மீ. மட்டும் காலியாக விட்டு நிரப்புங்கள். இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும். கையில் எடுத்தால் கனம் தெரியும், இதிலிருந்து எதுவும் வெளியே பாயாது என்பதும் உறுதியாகிவிடும்.

அடுத்து 300 மி.மீ. அகலத்துக்குச் சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி, ஃபெவிகாலைப் பழைய விசிட்டிங் கார்டால் மெல்லிசாக இழுத்துப் பூசி, பைப்பின் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒரு முழு நீளம் சுற்றினால் விட்டம் ஏறக்குறைய 35 மி.மீ. ஆகும். பசையில் தண்ணீர் கலக்காதீர்கள், காகிதம் உப்பிக் குமிழ் விடும்.

2. தொண்ணூற்று நான்கு வளையங்கள்

மாடலின் உயிர் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. அவசரப்பட்டால் தெரிந்துவிடும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், ஒரு மாலைக்கு இருபது வளையம் போதும்.

பைப்பின் நீளவாக்கில் பென்சிலால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். பீரங்கியின் அடிப்பக்கம் இந்தக் கோடுதான். எல்லாப் பட்டையும் இந்தக் கோட்டில் தொடங்கி, முடிந்தவரை இங்கேயே முடிய வேண்டும். ஒட்டு முனைகள் எல்லாம் கீழே மறைந்துவிடும். பிறகு வாயிலிருந்து 32 மி.மீ.க்கு ஒரு குறி வீதம் வையுங்கள். ஒவ்வொரு குறிக்குள்ளும் பத்து வளையம் அடங்க வேண்டும். ஒன்பதாவது குறிக்குப் பிறகு நான்கு வளையத்துக்கு இடம் மிஞ்சும்.

முதல் வளையம் கோணினால் பின்னால் வரும் எல்லாமே கோணும். அதனால் பைப்பை வாய் கீழாகக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்துங்கள். பட்டையின் நுனியில் ஒரு சொட்டுப் பசை வைத்து அடிக்கோட்டில் ஒட்டி, பட்டையின் ஓரம் கண்ணாடியைத் தொட்டபடியே பைப்பைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஒரு பட்டை மூன்றரை, நான்கு சுற்று வரும், ஒரு வளையத்துக்கு அது போதும். இரண்டாவது வளையத்துக்கு முதல் வளையத்தின் ஓரமே வழிகாட்டி. கட்டைவிரல் நகத்தை இடையில் வைத்துக்கொண்டு சுற்றினால் மயிரிழை இடைவெளி தானாக விழும். பத்தாவது வளையத்தில் 32 மி.மீ. குறியோடு ஒத்துப்பாருங்கள். உள்ளே தள்ளி நின்றால் அடுத்த பத்தைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள், வெளியே போயிருந்தால் நெருக்கி வையுங்கள். இருபது, முப்பது வளையம் போன பிறகு சரிசெய்ய முடியாது.

எல்லா வளையமும் ஒரே உயரமாக வராது. கவலைப்படாதீர்கள், சுத்தியலால் அடித்த இரும்பு அப்படித்தான் இருக்கும். சில வளையங்கள் மட்டும் மற்றவற்றைவிடத் தூக்கலாகத் தெரிய வேண்டும். நேரில் எடுத்த பக்கவாட்டுப் படம் ஒன்றைப் பார்த்து இடம் குறித்துக்கொண்டு, அந்த வளையங்களின் மேல் மட்டும் இன்னொரு பட்டை சுற்றுங்கள். இரண்டாவது பாக்கெட் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

3. வாய்

பீரங்கியைப் பார்க்கிற யாரும் முதலில் எட்டிப் பார்ப்பது வாயைத்தான். பைப்பின் உள் விட்டம் 28 மி.மீ. இருக்கும், நமக்கு 25 போதும். 5 செ.மீ. அகலச் சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே ஒட்டிக் கனம் கூட்டுங்கள். பசை நன்றாகக் காய்ந்த பிறகு வாயின் முகப்பில் 43 பட்டைகளின் முனைகளைக் காட்ட வேண்டும். 43ஆல் வகுப்பது எரிச்சலான வேலை. எளிய வழி இது: பைப்பின் வாய் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதக் கீற்றை வைத்து அதன் சுற்றளவை வெட்டிக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டில் 43 கட்டங்களை எண்ணி, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அந்தக் கீற்றைச் சாய்த்து வைத்தால், நோட்டுக் கோடுகள் குறுக்கே போகும் இடங்கள் எல்லாம் சம பங்குகளாக இருக்கும். ஆனால் நோட்டின் கோட்டு இடைவெளி இரண்டேகால் மி.மீ.க்கு மேல் இருந்தால் கீற்று எட்டாது. மில்லிமீட்டர் கிராஃப் தாளில் இரண்டு மி.மீ.க்கு ஒரு கோடு என்று எடுத்தால் சரியாக வரும். குறிகளை முகப்புக்கு மாற்றி, பழைய பிளேடால் மெல்லக் கீறுங்கள். ஆழம் அரை மி.மீ. போதும்.

4. கைப்பிடி, வண்ணம்

தூக்குவதற்கான வளையங்களைக் கட்டுக்கம்பியைப் பென்சிலில் சுற்றி வளைத்துக்கொள்ளலாம். துளையிட்டுச் செருகி ஒட்டுங்கள், மேலே சும்மா ஒட்டினால் நிற்காது.

வண்ணத்துக்கு முன் காகிதம் முழுக்கப் பிரெஞ்ச் பாலிஷ் மெல்லிசாக இரண்டு கை. காய்ந்ததும் 320 உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் தேயுங்கள். பிசிறு போக வேண்டும், கோடுகள் போகக்கூடாது. தூக்கலான வளையங்களின் ஓரம் முரடாக இருந்தால் அங்கே மட்டும் 220.

மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு ஸ்ப்ரே ஒரு கை. அதன்மேல் அடர் பழுப்பும் கறுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து, வளைய இடுக்குகளில் ஓடவிட்டு, மேடான இடங்களைத் துணியால் துடைத்துவிடுங்கள். கடைசியில் 4பி பென்சில் தூளை விரலில் தொட்டு வளைய விளிம்புகளில் தேயுங்கள், இரும்பின் மங்கிய பளபளப்பு வந்துவிடும். புதிதாக மாடல் செய்கிறவர்கள் இங்கே ஆரஞ்சு நிறத்தில் துருவை அள்ளிப் பூசுகிறார்கள். அசல் பீரங்கி நூற்றாண்டுக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அப்படித் துருப்பிடித்து உதிரவில்லை. அதன் நிறம் கறுப்பு கலந்த பழுப்பு, அவ்வளவுதான்.

பக்கத்தில் 6.6 செ.மீ. உயரத்தில் ஒரு ஆள் உருவத்தை அட்டையில் வெட்டி நிறுத்துங்கள். அது 165 செ.மீ. மனிதர். அவர் இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ பைப்பாகத்தான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ் இரண்டு கை, வாயின் உள்ளேயும் பின்பக்க அட்டையிலும் விடாமல் பூசுங்கள். காகிதமும் பசையும் இருக்கும் இடத்தை ராமபாணப் பூச்சி தேடி வரும், அதற்கு வேண்டியது பூசாமல் விட்ட ஒரு விரல் அகல இடம்தான்.