யாருக்கு மண்டியிடுவது, யாரிடம் வேண்டுதல் கேட்பது

கடவுளையும் கும்பிடுகிறோம், மாதாவையும் கும்பிடுகிறோம், ஊர்ப் பெரியவரைக் கண்டாலும் கும்பிடுகிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மலேசியத் தோட்டத்து வீட்டில் வளரும் பிள்ளைக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பிரித்தே சொல்கிறது: ஆராதனை கடவுள் ஒருவருக்கே, புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு மற்றப் புனிதர்களைவிட மேலான வணக்கம், ஆனாலும் ஆராதனை அல்ல. சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, செய்யும் வணக்கம் அதில் காட்டப்பட்டவரையே சேரும் என்று 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் அறிவித்தது.

கோவிலுக்குள் நுழைந்ததும் நற்கருணைப் பேழை, அதாவது இயேசுவின் உடலாகிய அப்பத்தை வைத்திருக்கும் பெட்டி, இருக்கும் பக்கம் பாருங்கள். அணையா விளக்கு எரிந்தால் வலது முழங்கால் தரையைத் தொட மண்டியிடுங்கள். அது ஆராதனை. மாதம் ஒரு பூசை (திருப்பலி) மட்டும் நடக்கும் தோட்டத்துக் கோவில்களில் பேழை காலியாக இருக்கலாம், விளக்கும் எரியாது. அப்போது பீடத்தை நோக்கித் தாழ்ந்து வணங்கினால் போதும். அந்தோனியார் சுரூபத்துக்கு முன் தலை வணங்குங்கள். அங்கே முழந்தாளில் இருந்து செபிப்பதில் தவறில்லை. ஆனால் பேழையைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோய், சுரூபத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியேறுவது வரிசையைத் தலைகீழாக்குகிறது.

திருநாளில் தூபம் காட்டும் பீடச் சிறுவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: நற்கருணைக்கு மூன்று வீச்சு, புனிதரின் சுரூபத்துக்கு இரண்டு.

செபத்தின் சொற்களில் வேறுபாடு இன்னும் தெளிவு. பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பதில் கூறும் மன்றாட்டுமாலையைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கடவுளின் பெயர் வரும்போது "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். "புனித மரியே" என்றதும் பதில் மாறுகிறது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இரக்கம் காட்டுபவர் கடவுள், நமக்காக அவரிடம் கேட்பவர் புனிதர். வீட்டில் சொந்த வார்த்தையில் செபிக்கும்போதும் இதையே அளவாக வையுங்கள். "அந்தோனியாரே, என் மகனுக்கு வேலை கொடும்" என்று வாயில் வருவது இயல்புதான், மனதில் உள்ளதைக் கடவுள் அறிவார். என்றாலும் "அவனுக்காக ஆண்டவரிடம் பரிந்து பேசும்" என்று பழகினால் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் புரியும். சிலுவை அடையாளத்தில் தொடங்குங்கள், தந்தை, மகன், தூய ஆவியைப் புகழும் திரித்துவப் புகழில் முடியுங்கள். இடையில் புனிதரை அழையுங்கள்.

நேர்ச்சையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜூலை 26, மாதாவின் தாய் அன்னம்மாளின் திருநாளுக்குப் பேருந்து பிடித்து, பினாங்கில் உள்ள புக்கிட் மெர்தாஜாம் போகிறவர்கள் "அன்னம்மாளுக்கு நேர்ந்திருக்கிறேன்" என்பார்கள். திருச்சபைச் சட்டப்படி நேர்ச்சை என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு; அன்னம்மாள் துணை நிற்பவர். ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பூசை பார்க்காமல் திரும்பாதீர்கள். அந்தப் பூசையும் புனிதருக்கு ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. அவருடைய நினைவாக, தந்தையாம் கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

கேட்டது கிடைக்கும்வரை அந்தோனியார் சுரூபத்தைக் கவிழ்த்து வைப்பதை விட்டுவிடுங்கள். அது வணக்கமே அல்ல, மிரட்டல். "ஒன்பது பிரதி எடுத்து ஒன்பது நாள் கோவிலில் வை, இல்லாவிட்டால் கெடுதல் வரும்" என்று இருக்கையில் கிடக்கும் நவநாள் (ஒன்பது நாள் செபம்) தாள்களும் மூடநம்பிக்கைதான். எடுத்துக் கிழித்துப் போடுங்கள். எந்தப் புனிதரும் உங்கள்மேல் கோபப்பட மாட்டார்.