ஓடைக்கரைக் காட்டுப்பூக்களை 4×5 கேமராவில் எடுப்பது

மலை ஓடைக்கரையில் பூக்களை 4×5 ஃபிலிமில் (நாலுக்கு ஐந்து அங்குலத் தனித்தாள் ஃபிலிம்) எடுக்கப் போனால் முதல் எதிரி காற்று. கேமராவின் எடையெல்லாம் அப்புறம்தான். விடிந்ததும், வெயில் பள்ளத்தில் இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெளிச்சமும் சீராக இருக்கும். ட்ரைபாட் கால்களை ஓடும் தண்ணீரில் ஊன்றாதீர்கள், அதிரும்.

காலடிப் பூவிலிருந்து தூரத்து முகடு வரை தெளிவு வேண்டும் என்று எஃப் 45, எஃப் 64 என லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) சுருக்கிக்கொண்டே போனால் ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்கும், அதற்குள் பூ நாலு தடவை தலையாட்டிவிடும். டில்ட் இருப்பதே இதற்குத்தான். லென்ஸ் பலகையை முன்னால் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் (தெளிவாக விழும் பரப்பு) தரையோடு படுத்துக்கொள்ளும், எஃப் 22 போதுமானதாகிவிடும். 150 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் எட்டு, ஒன்பது டிகிரி சாய்வே போதும். கறுப்புத் துணிக்குள் புகுந்து, தலைகீழாகத் தெரியும் படத்தில் முதலில் தூரத்தை ஃபோகஸ் செய்து, பக்கத்துப் பூ தெளியும்வரை சாய்த்து, மறுபடி தூரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் இரண்டும் ஒத்துவரும், லூப் என்ற உருப்பெருக்கி வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஆனால் உயரமான தண்டுள்ள பூ கேமராவுக்கு அருகில் நின்றால் டில்ட் உதவாது, ஏனென்றால் தெளிவான பகுதி அங்கேதான் மிக ஒடுக்கம். கணுக்கால் உயரத்துக்குப் படர்ந்த பூக்களைத் தேடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நகருங்கள்.

கிட்டப்போய் எடுக்கும்போது பெல்லோஸ் (லென்ஸையும் ஃபிலிமையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) நீள்வதைக் கணக்கில் சேருங்கள்: 150 மி.மீ. லென்ஸுக்கு 210 மி.மீ. வரை நீண்டால் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்ட வேண்டும். போலரைசர் ஃபில்டர் ஈர இலையின் பளபளப்பை அழகாக எடுத்துவிடும், பதிலுக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தின்னும். லேசாகக் காற்றடித்தாலே நான் கழற்றிவிடுவேன். தண்ணீர் பட்டுப்போல வழிய அரை நொடியே தாராளம், அந்த அரை நொடி பூ அசையாமல் இருந்தால் சரி. ஸ்லைடு ஃபிலிம் (நேரடியாக பாசிட்டிவ் படம் தரும் ஃபிலிம்) என்றால் வெள்ளை நுரையை, சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, நடுச்சாம்பலுக்கு (மீட்டர் சராசரியாகக் கொள்ளும் நடுத்தர வெளிச்சம்) மேல் இரண்டு ஸ்டாப்பைத் தாண்டாமல் வையுங்கள். ஸ்லைடு ஃபிலிம்களில் வெல்வியா 50 நாலு நொடியிலேயே கூடுதல் எக்ஸ்போஷர் கேட்கும், புரோவியா 100எஃப் இரண்டு நிமிடம் வரை கேட்காது.

ஷட்டரை மூடிவிட்டு ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவுங்கள். பிறகு ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸைப் பிடித்தபடி பூவையே பாருங்கள். காற்று விட்டுவிட்டுத்தான் வீசும், நின்ற கணத்தில் அழுத்துங்கள். எடுத்ததும் டார்க் ஸ்லைடைக் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும்படி செருகுங்கள், இரு பக்கமும் ஒவ்வொரு ஃபிலிம் வைத்த ஹோல்டரின் மறுபக்க ஃபிலிமிலும் அதே காட்சியை இன்னொன்று எடுத்துவிடுங்கள்.