ஈத்0 எங்கே போனது?

ஐப்பசி மாதத்து இடி ஒன்று, எங்கள் நூற்பாலை அலுவலகத்துச் சர்வரின் தாய்ப்பலகையில் இருந்த இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளையும் தீய்த்துவிட்டது. மற்றபடி இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2011இல் வந்த அதற்குத் திருத்தங்கள் வெளியாவது 2020 நவம்பர் 30உடன் நின்றுவிட்டது. இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். கூலிக் கணக்கு மென்பொருள் வேறெதிலும் ஓடாது, அதை எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார். சர்வரை இணையத்தில் சேர்க்காமல் உள் நெட்வொர்க்கில் மட்டும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை புதிய நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகி, பழைய போர்ட்டுகளை இயந்திரத்தின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் முடக்கிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினேன். முதல் நெட்வொர்க் போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் ஈத்0. அந்த ஈத்0 என்ற சாதனம் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் தொடங்குவதைத் தள்ளிவைக்கிறேன் என்று திரையில் ஒரு வரி, பக்கத்தில் சிவப்பில் தோல்வி. மறுநாள் கூலி நாள். கணக்குப் பிரிவு அம்மா கதவருகில் வந்து நின்று, "கார்டு மாற்றியாகிவிட்டதா சார்?" என்றார். மாற்றியாகிவிட்டது, அதுதான் சிக்கலே.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகாதீர்கள். சர்வருக்கு ஒரு மானிட்டரும் விசைப்பலகையும் பூட்டி, அதன் முன்னாலேயே உட்காருங்கள். நெட்வொர்க் இல்லாதபோது தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியாது. கட்டளைகளை ஒலிப்புப்படி தருகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் எல்எஸ்பிசிஐ, செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை. கார்டின் பெயர் அதில் வரவில்லை என்றால் கார்டு ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது கார்டே கெட்டுவிட்டது. வருகிறது, ஆனால் ஐபி லிங்க் என்று தட்டினால் எல்ஓ (இயந்திரம் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இணைப்பு) மட்டும்தான் தெரிகிறது என்றால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இதில் 2.6.32, பிறகு வந்த பல சில்லுகளை அதற்குத் தெரியாது. அதனால்தான் கடையில் மலிவாகக் கொடுத்ததை வாங்காமல் இன்டெல் 82574எல் சில்லு உள்ள கார்டைத் தேடி வாங்கினேன். அதற்கான ஈ1000ஈ டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.

என் திரையில் ஐபி லிங்க் காட்டியது ஈத்2. கார்டு உயிரோடுதான் இருக்கிறது, பெயர்தான் வேறு.

காரணம், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் என்ற நிரல். ஒவ்வொரு கார்டையும் முதன்முதலில் பார்க்கும்போது, அதன் மேக் முகவரியையும் (தயாரிக்கும்போதே கார்டுக்குக் கொடுக்கும் தனி எண்) தான் கொடுத்த பெயரையும் அது ஒரு கோப்பில் குறித்துக்கொள்கிறது. கோப்பு இருக்கும் இடம் /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி, பெயர் 70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ். ரீபூட் ஆகும்போது கார்டுகளின் பெயர் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் கார்டு செத்துப்போனது அதற்குத் தெரியாது. ஈத்0, ஈத்1 இரண்டும் இறந்தவர்கள் பெயரிலேயே பதிவாகியிருக்க, புதிதாக வந்தவருக்கு ஈத்2 கிடைக்கிறது. நம் ஐபி முகவரியோ ஈத்0 பெயரில் இருக்கிறது.

நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பைத் திறந்து, ஈத்0 வரியில் பழைய மேக் முகவரியை அழித்துவிட்டு, கார்டின் ஒட்டுத்தாளைப் பார்த்துப் புதியதைத் தட்டினேன். ஈத்2 வரியை நீக்கினேன். ரீபூட் செய்தால் மறுபடியும் ஈத்2! அரை மணி நேரம் வெறித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: ஒட்டுத்தாளில் இருந்தபடி பெரிய எழுத்துகளில் தட்டியிருக்கிறேன். கெர்னல் மேக் முகவரியைச் சிறிய எழுத்தில்தான் தருகிறது, யூடெவ் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றதும் ஈத்2 என்று புது வரி எழுதிக்கொண்டது.

இந்தக் கோப்பில் மேக் முகவரியை நீங்கள் தட்ட வேண்டாம். கோப்பை முதலில் நகலெடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே டிரைவரின் பெயரோடு ஒரு குறிப்பு இருக்கும்; என்னுடையதில் 8086, 10டி3 என்ற எண்கள் இருந்தன, 8086 என்றால் இன்டெல். இறந்த கார்டுகளின் வரிகளை நீக்கிவிட்டு, யூடெவ் தானே எழுதிய கடைசி வரியில் ஈத்2 என்பதை ஈத்0 ஆக்குங்கள். கோப்பையே அழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. ஒரே ஒரு போர்ட் என்றால் சரி. இரண்டு மூன்று இருந்தால் எது எந்தப் பெயரில் எழுந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து, /ஈடிசி/சிஸ்கான்ஃபிக்/நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில், ஈத்0வின் அமைப்புகள் உள்ள ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 கோப்பு. இதில் எச்டபிள்யூஏடிடிஆர் என்ற வரியில் பழைய மேக் முகவரி இன்னும் உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவைத்தால், எதிர்பார்த்த முகவரி இது இல்லை என்று சொல்லி கார்டை ஒதுக்கிவிடும். மாற்றுங்கள், அல்லது வரியையே எடுத்துவிடுங்கள். இயந்திரம் கிளம்பும்போதே கார்டை எழுப்பச் சொல்லும் ஆன்பூட் என்பது யெஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈத்1 கோப்பையும் பழைய நகல்களையும் இந்தக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். ஐஎஃப்சிஎஃப்ஜி என்று தொடங்கும் கோப்புகளை, சில பின்னொட்டுகள் உள்ளவற்றைத் தவிர, எழுப்பப் பார்ப்பது சென்ட்ஓஎஸின் வழக்கம்.

டெல் சர்வர்களில் பெயர் ஈஎம்1 என்பதுபோல் இருக்கலாம். அங்கே பெயர் வைப்பது பயாஸ்டெவ்நேம் என்ற வேறொரு நிரல், இந்த வைத்தியம் அதற்கு அப்படியே பொருந்தாது.

டிரைவரை இறக்கி ஏற்றியும் முடிக்கலாம். ஆனால் நான் ரீபூட்தான் செய்வேன், அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு தானே எழுந்திருக்குமா என்று இப்போதே தெரிந்துவிடும். எழுந்தது, ஈத்0 என்ற பெயரில். ஈத்டூல் கட்டளை இணைப்பு இருப்பதாகச் சொன்னது, பச்சை விளக்கும் எரிந்தது. மற்ற இயந்திரம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் மட்டும் போகவில்லை. சுவிட்சில் அந்தப் போர்ட்டைப் பழைய மேக் முகவரிக்கு மட்டும் என்று நானே எப்போதோ பூட்டியிருந்தேன். அதைத் திறந்துவிட்டபோது மணி இரவு ஒன்பதரை.

ரேக் கதவில் பழைய முகவரி எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதி ஒட்டினேன், சிறிய எழுத்தில்.