தள்ளுபடியில் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

கலைந்து கிடக்கும் துணிக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, நம் அளவில் ஒரு நல்ல சட்டையைப் பாதி விலைக்கு எடுத்துவிட்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதை விடச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே கணக்கைக் கோட்டை விடாமல் இருந்தால் போதும்.

பெரிய தவறு, அடித்துப் போட்டிருக்கும் பழைய விலையிலிருந்து கணக்கை ஆரம்பிப்பது. 2017இல் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர் 1985லேயே இதை எழுதிவிட்டார்: பொருளால் கிடைக்கும் பயன் ஒன்று, மலிவாக வாங்கிவிட்டோம் என்கிற நிறைவு வேறு. இரண்டாவது மட்டும் இருந்தாலே நாம் வாங்கிவிடுகிறோம். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் பீரோவில் தொங்கும் துணியெல்லாம் அப்படி வந்ததுதான். இந்த ஈர்ப்பு லேசுப்பட்டதல்ல. 2012இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகள் கூப்பன், தள்ளுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலேயே விலையைக் குறைத்துப் போட்டன; அந்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. அதனால் பழைய விலையைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த விலைக்கு இது எனக்கு வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பழைய விலையும் நிஜமாக இருந்ததா என்பது தனிக் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதத்திலிருந்து, விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் பொதுவாகக் காட்டியாக வேண்டும். விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிற வேலை நடந்ததால்தானே இப்படி ஒரு விதி?

அப்புறம் சதவீதம். 50 சதவீதத்துக்கு மேல் இன்னொரு 20 என்றால் 70 கிடையாது, 60தான். மீதிப் பாதியில்தான் அந்த 20 கழியும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றும் தேவைப்பட்டால் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. '70 சதவீதம் வரை' என்று போட்டிருந்தால் அந்த 'வரை' எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

அவசரத்தில் பொருளைச் சோதிக்காமல் எடுப்பதும் நிறைய நடக்கிறது. ஜிப்பை மூன்று முறை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், அக்குள் தையலை வெளிச்சத்தில் பிடியுங்கள், பெட்டியில் வருகிற பொருள் என்றால் உள்ளே எல்லா உதிரியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டாக் தீர்க்கும் விற்பனையில் பல கடைகள் பொருளைத் திரும்ப வாங்குவதில்லை, அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பில் போடும்போது போனைப் பார்க்காமல் திரையைப் பாருங்கள். அலமாரியில் எழுதியிருந்த தள்ளுபடி கணினியில் ஏறாமல் போவது உண்டு. பணம் கட்டுவதற்கு முன் சொன்னால் அங்கேயே சரிசெய்ய முடியும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பில்லோடு திரும்ப அலைய வேண்டியதுதான்.