மட்டன் சீக்கிரம் வேக: கொல்லைப் பப்பாளிக்காய்

ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு துருவிப் பிசறி, அரைமணி நேரம் வைத்துவிட்டுச் சமையுங்கள். பசாரில் வாங்கும் உறைந்த இறைச்சிக்கும் இது சரிப்படும், கேஸ் மிச்சமாகும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டுக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கொல்லைகளில் பப்பாளிக்குப் பஞ்சமில்லை, அப்புறம் மென்மையாக்கும் பொடிக்கு ஏன் காசு?

காயின் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அது இறைச்சியின் புரத இழைகளை அறுக்கும். அந்த நொதி மரத்தின் சொந்தப் புரதத்தையே தின்றுவிடக் கூடாதே! அதனால் செல்கள் அதை ஒரு கூடுதல் துண்டு சேர்த்து, செயலற்ற வடிவில் உருவாக்குகின்றன. காயைக் கீறிப் பால் வெளியே வந்ததும் அந்தத் துண்டு கழன்று, சில நிமிடங்களில் நொதி விழித்துக்கொள்கிறது. பால் தோலுக்கு அடியில்தான் அதிகம் என்பதால் தோலைச் சீவி எறியாதீர்கள். சுமார் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற ஏற நொதியின் வேகம் கூடும். நன்றாகக் கொதித்தால் செயலிழந்துவிடும்.

பழுத்த பழத்தில் பால் மிகக் குறைவு, பயன்படாது. மீனுக்கு வேண்டவே வேண்டாம், குழைந்துவிடும், கோழிக்கும் அவசியமில்லை. பிசறியதை இரவு முழுக்க ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள்: குளிர் நொதியை மெதுவாக்கும், நிறுத்தாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாளிப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.